செருப்பைத் தட்டிப் போடச் சொன்ன லூர்து சிஸ்டர்

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் ஜோசப் அண்ணன் வரப்பு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நேரம். ஜீப் வர வழியில்லை.

"பச்சையம்மா, லூர்து சிஸ்டர் செத்துட்டாங்கம்மா. காலையில."

"எந்த லூர்து?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரே லூர்து சிஸ்டர்தான். இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

"நம்ம சிஸ்டர்தான்மா."

"இன்னாண்ணா, வெளையாடறீங்களா? மாத்திரை குடுக்க நடந்தே வந்தாங்களே. என் எதிர்லதான உக்காந்துகினு இருந்தாங்க."

நான் மறுபடி சோகை உரிக்க ஆரம்பித்துவிட்டேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. அரிவாள் விரலில் பட்டு ரத்தம் சொட்டியதை ஜோசப் அண்ணன்தான் பார்த்துச் சொன்னார். அந்த விரல்களில் எனக்கு உணர்ச்சி கிடையாது. அவர் சொல்லியிருக்காவிட்டால் சாயங்காலம் வரை தெரிந்திருக்காது.

சிஸ்டரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் அவர். மடத்து சிஸ்டர் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் கள்ளக்குறிச்சியில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். குள்ளமாக, தாட்டியாக இருப்பார். குரல் மட்டும் பஸ் கண்டக்டர் குரல்.

என்னை முதலில் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில். கொதிக்கிற சோற்றுப் பானையை வெறும் கையால் இறக்கி, கை வெந்ததுகூடத் தெரியாமல் நின்றவள் நான். முதுகில் வெளுப்பாக ஒரு படை. வீட்டில் என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள். சிஸ்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழி இறகால் தொட்டுத் தொட்டு, "இப்போ எங்க தொட்டேன்?" என்று கேட்டார். சில இடத்தில் சொன்னேன். சில இடத்தில் தொட்டதே தெரியவில்லை.

எல்லோரும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிஸ்டர் அவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இது சாபமும் இல்ல, பாவமும் இல்ல. கிருமி. முன்னெல்லாம் ஒரே மாத்திரைய வருஷக்கணக்கா முழுங்கணும். இப்போ பெரிய டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணி, மூணு மருந்த சேத்துக் குடுத்தா கிருமி செத்துப்போவுதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்க. நடுவுல நிறுத்தாம சாப்டணும். அவ்ளோதான்."

போகும்போது என் காதருகே வந்து, "நாளைக்கு ஒண்ணுக்குப் போனா செவப்பா வரும். மருந்துதான். கத்தி ஊரக் கூட்டாத" என்றார். அதற்கு முன்னால் மருந்து வாங்கிய ஒருவர் அந்தச் சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று பயந்து, மாத்திரையை எல்லாம் கிணற்றில் போட்டுவிட்டாராம். அதிலிருந்து சிஸ்டர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

போகப் போக அந்த மருந்தில் என் முகமும் கையும் கறுத்துப் போயின. என் வீட்டுக்காரர் ஒருநாள் சிஸ்டரை வழிமறித்தார்.

"இன்னா சிஸ்டரு, எம் பொண்டாட்டிய கரிச்சட்டி ஆக்கிட்டீங்க?"

"நீ இன்னா, வெள்ளக்காரனா?" என்று கேட்டார் சிஸ்டர். "கறுப்பு தானா போய்டும்பா. மடங்கிப்போன வெரல் திரும்பி வராது. எது வேணும் சொல்லு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அன்று சாயங்காலம் என் தட்டு மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது.

மருந்து கிருமியைத்தான் கொல்லும். போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. முள் குத்தினாலும், சுட்டாலும் தெரியாது. தெரியாமல் நடந்து நடந்துதான் எங்கள் ஆட்களுக்குக் கால் அழுகும். அதற்காக சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை கச்சிராயபாளையத்துக் கொட்டகையில் எல்லோரும் பேசினில் காலை ஊறவைக்க வேண்டும். கல்லால் தேய்த்து எண்ணெய் தடவ வேண்டும். பிறகு ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் பாதத்தை மற்றவர் மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆம்பளைக்கு ஆம்பளை, பொம்பளைக்குப் பொம்பளை. செருப்பு போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும்.

"தட்டுனியா? தட்டாம போட்டா நான் உன்னைத் தட்டுவேன்" என்பார்.

நான் முதலில் போன செவ்வாய், பொம்பளைகளில் ஒற்றையாக நின்றேன். அன்றைக்கு சிஸ்டர் எதிரே வந்து உட்கார்ந்து, காலைக் கழுவி என் மடியில் வைத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அய்யோ, இன்னா சிஸ்டர் இது?"

"ஏன், என் கால் கால் இல்லியா? எனக்குச் சர்க்கரை இருக்குது பச்ச. எனக்கும் பாதத்துல ஒண்ணும் தெரியாது. நீயும் நானும் ஒரே ஜாதி."

அன்று முதல் நாங்கள் ஜோடி. ஒருமுறை அவர் குதிகாலில் உடைந்த வேலிக்காத்தான் முள்ளை எடுத்தேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தோட பஸ் ஏறி வந்திருக்கேன் பாரேன்" என்று சிரித்தார். எங்களுக்குக் கொடுக்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பைப் போட்டால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்று நாங்கள் ஒளித்து வைத்தபோது, அதே செருப்பை மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நடந்தவரும் அவர்தான்.

பிறகு ரோட்டில் மரங்கள் விழுந்தன. பஸ் நின்றது. மாதத்துக்கு ஒருமுறை அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டிய மாத்திரைக்கு நாள் வந்துவிட்டது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் கொட்டகைக்குப் போனோம். வெயில் ஏறுகிற நேரத்தில் சிஸ்டர் வந்தார். கொஞ்ச தூரம் மாட்டு வண்டி, மீதி நடை. ரோட்டுக் கஷ்டத்துக்கு என்று, வழக்கமான செருப்பை விட்டுவிட்டுத் தம்பியின் கேன்வாஸ் ஷூவைப் போட்டிருந்தார்.

வழியில் மரத்தண்டை நின்ற பையன்கள் கேட்டார்களாம். "இன்னா சிஸ்டரு, பஸ்ஸே லீவு. மாத்திரைக்கு லீவு இல்லியா?"

"கிருமிகிட்ட போய் லீவு சொல்லிட்டு வாங்கடா. நானும் வூட்டுக்குப் போய்டறேன்."

அவர்களே கிளையை விலக்கிப் பையைத் தூக்கிக் கொடுத்தார்களாம். அதில் ஒருவன் சட்டையைத் தூக்கி, "சிஸ்டரு, இது அந்த நோயா பாருங்க" என்று பயந்துபோய்க் காட்டினானாம். வெட்டிப் போட்ட புளியமரத்தின் மேலேயே அவனை உட்காரவைத்து, இறகால் தொட்டுப் பார்த்திருக்கிறார். "தேமல்டா, போ" என்றதும் மற்றவர்கள் அவனை ஓட்டித் தீர்த்துவிட்டார்களாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் காலை எல்லாம் பார்த்து முடித்தார். கரியாலூர்ப் பக்கம் மலையில் இரண்டு பேர் இறங்கி வரமுடியாமல் இருந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

"ஷூவக் கழட்டுங்க சிஸ்டர், பாத்துடறேன்" என்றேன்.

"கழட்டினா திரும்பி மாட்ட முடியாது பச்ச. கால் வீங்கிகினு இருக்குது."

"எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? தட்டாம போட்டா நான் தட்டுவேன், ஆமா."

"அடி ஆத்தி!" என்று என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். "மலை எறங்கி வந்து உன் மடியிலதான் வைக்கப் போறேன். போதுமா?"

அவ்வளவுதான். மலையில் இரண்டு பேரையும் மாத்திரை விழுங்கவைத்து, அவர்கள் காலையும் பார்த்துவிட்டு, மறுநாள் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்திருக்கிறார். அடுத்த செவ்வாய் வரவில்லை. ரோடு சரியில்லை என்று நினைத்தோம். ரோடு இல்லை, காய்ச்சல். ஷூவைக் கழற்றியபோது உள்ளே ஒரு ஜல்லிக்கல் இருந்ததாம். கட்டைவிரல் அளவுகூட இல்லையாம். அதன் மேலேயே மலை ஏறி இறங்கியிருக்கிறார். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாக டாக்டர் சொன்னாராம்.

எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் அத்தனை பேர் செருப்பையும் தட்டவைத்தவர். அவருக்கா ஒரு கல்? அழுகை வரவில்லை. அவர் மேல் கோபம்தான் வருகிறது.

அடக்கத்துக்கு நடந்தே போனோம். அந்தப் புளியமரத்தண்டை பையன்கள் நிறுத்தினார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவன் துண்டைத் தோளிலிருந்து இறக்கினான். "தேமல் பாத்த சிஸ்டரா?" என்றான். கிளையை இழுத்து வழிவிட்டான். நாங்கள் அந்த மரத்தின் மேலேயே ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றித் தட்டிவிட்டு நடந்தோம். யாரும் யாரிடமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி வீட்டில் சிஸ்டரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். காலில் வெள்ளை சாக்ஸ். நாங்கள் பழக்கத்தில் வாசலுக்கு வெளியே நின்றோம். அவர் தம்பி வந்து உள்ளே கூப்பிட்டார்.

"சார், சிஸ்டர் காலைப் பாக்கணும்" என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"நீங்கதான் பச்சையம்மாவா?"

"ஆமாங்க."

அவரே குனிந்து சாக்ஸைக் கழற்றினார். நான் பெட்டியின் கால்மாட்டில் முட்டிபோட்டு, புடவைத் தலைப்பை விரித்து இரண்டு பாதத்தையும் அதில் ஏந்தினேன். வலது பாதத்தில் கட்டு இருந்தது. இடது பாதத்தை எப்போதும் போலக் குதிகாலிலிருந்து விரல் வரை பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கொண்டுபோன எண்ணெயைத் தடவினேன். என் கைக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. அதனால் எனக்கு அந்தக் கால் எப்போதும் இருந்த மாதிரியேதான் இருந்தது.

மலை இறங்கி வந்துவிட்டீர்கள். சொன்ன மாதிரியே வைத்துவிட்டீர்கள்.

போய் வாங்க சிஸ்டர். போற எடத்துல செருப்பு குடுத்தா, தட்டிப் போட்டுக்குங்க.