நாலாம் தலைமுறைப் பூனை

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தேன். நண்பர் குழந்தைவேலு அவசரமாகக் கூப்பிட்டிருந்தார். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர்.

பிரச்சினை அவருடைய மகள் தீபா. சேலம் அஸ்தம்பட்டியில் பல் டாக்டர். பக்கத்து கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள்.

“பையன் தங்கமுங்க. குடி, சிகரெட்டு ஒண்ணும் கெடையாது. ஆனா நம்ம ஆளுங்க இல்லீங்களே... நீங்க எழுதறவரு. நீங்க சொன்னா கேப்பா.”

எழுதுகிறவன் சொன்னால் அவன் வீட்டிலேயே கேட்க ஆளில்லை. அது அவருக்கு எங்கே தெரியும்?

ஹாலில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தீபாவும் வந்திருந்தாள், ஒரு மூலையில் இருந்தாள். தலைக்கு மேல் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் – பீரோ மேல் ஒரு சிறுத்தைக் குட்டி. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“பயப்படாதீங்க, பூனைதானுங்க. பெங்கால்.”

“கல்கத்தாவிலிருந்து வாங்கினீங்களா?”

“அட, அமெரிக்காவுல உண்டாக்குன ஜாதிங்க இது.”

அவ்வளவுதான். மகள் கதை நின்றது, பூனைப் புராணம் தொடங்கியது.

பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தங்க நிறம். உடம்பெல்லாம் கரும்புள்ளி, சில புள்ளிகளுக்கு நடுவே பழுப்பு. வயிறு வெளுப்பு, அங்கேயும் புள்ளி. குணம்? மற்ற பூனைகள் தண்ணீரைக் கண்டால் ஓடும். இது குழாயைத் திறந்தால் ஓடி வரும். மடியில் படுக்காது. கர்ட்டனில் ஏறும், ஃப்ரிட்ஜ் மேல் தாவும், பசித்தால் கத்தித் தெருவையே கூட்டும்.

கர்ட்டனையெல்லாம் மாற்றியாகிவிட்டதாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதற்கு அவளோடு பேச்சை நிறுத்தியவர் இவர். பூனை நாள் முழுக்க எதிர்த்துக் கத்துகிறது... அதற்குப் பெயர் ‘ஆக்டிவ்’. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இந்த வீட்டில் பூனை உடைத்தால் மண்குடம்.

“காட்டுல சிறுத்தைப் பூனைன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதையும் ஊட்டுப் பூனையையும் சேத்தாங்க. அதுலதான் இந்தப் புள்ளி, இந்தச் சுறுசுறுப்பு. வெறும் ஊட்டுப் பூனைக்கு வருமுங்களா? நாலாவது தலைமுறையில இருந்து இதையும் ஊட்டுப் பூனைன்னே சேத்துக்குவாங்க.”

மூலையிலிருந்து தீபா மெதுவாகக் கேட்டாள். “அப்ப நாம வளக்கறது கலப்புதானுங்களாப்பா?”

“ஆமா சாமி. ஒசத்திக் கலப்பு.”

மகளோடு பேசுவதில்லை என்பதையே மறந்து பதில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. முகம் சிறுத்தது.

“அது பூனைங்க” என்றார். கேட்டது மகள், விளக்கம் எனக்கு.

“அவரை ஒருநா கூட்டியாறனுங்கப்பா. வந்து பாருங்க. கர்ட்டன்ல எல்லாம் ஏற மாட்டாருங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அவன் இந்தப் படி ஏறுனா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன்” என்றார்.

தீபாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் கலங்கவில்லை. “நீங்க வரச் சொல்ற வரைக்கும் காத்திருக்கறனுங்கப்பா. எனக்கு வேற மாப்பிள்ளை மட்டும் பாக்காதீங்க.” எழுந்து உள்ளே போனாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் குழந்தைவேலு.

சொன்னேன். “நல்ல பையனுங்க. விட்டுடாதீங்க.”

வழக்கமாகக் கார் வரை வந்து வழியனுப்புகிறவர், அன்று சோபாவை விட்டு எழவில்லை.

பூனைக்கு நாலு தலைமுறை போதும், வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறோம். மனுஷனுக்கு எத்தனை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்... அங்கே ஒரு பெண் காத்திருக்கிறாள்.