மாமா ‘நீங்க’ என்று பேசிய மாதங்கள்

மாமாவின் வலக்கை ஒருமுறை வெட்டி இழுத்தது. வாயும் அதே பக்கம் கோணியது. கையிலிருந்த பிளேன்டீக் கோப்பை தோட்டத்து லய வீட்டின் சுவரில் போய் மோதியது. “யாருடி தட்டிவிட்டது?” என்று அத்தையைப் பார்த்துக் கத்தினார். தன் கைதான் அதை எறிந்தது என்பது அவருக்கே தெரியவில்லை. நான் தெரணியகலைப் பக்கத்தில் அவர்கள் வீட்டில் தங்கி உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இயந்திர இரைச்சலில் பழகிய குரல். கத்துவதுதான் அவருக்குப் பேச்சு.

அந்த வெட்டு பிறகு நாள் முழுக்க வந்தது. வேலைக்குப் போக முடியவில்லை. ஞாபகமும் குழம்பியது. ஒரு காலை, வாசலில் நின்ற அத்தையிடம், “நீங்க யாரு வீட்டு ஆளுங்க? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து குந்துங்க” என்றார். அத்தை விளையாட்டென்று சிரித்தாள். அவர் மறுபடியும் அதையே கேட்டபோது சிரிப்பு நின்றது. பேய் என்றார்கள், பூசாரி நூல் கட்டினார். மாமா அவரிடமும் அத்தையிடமும் ஒரே பணிவோடுதான் பேசினார்.

கடைசியில் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அத்தை எனக்குச் சொன்னாள்: “நரம்புல சின்னச் சின்னக் கதவு இருக்காம் புள்ள. இவரு ரத்தமே அத போய்த் தாக்குதாம். சொந்த ரத்தம் அப்பிடிச் செய்யுமா?” எனக்கும் விளங்கவில்லை.

மருந்து ஏற ஏற வெட்டு குறைந்தது. ஒரு நாள் நாங்கள் வார்டுக்குள் நுழைந்ததும், “ஏய், இவ்வளவு நேரம் எங்கடி போன?” என்று அதட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் என்றே நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில், “பொழச்சாரே, அது போதும். ஆனா என்னய நீங்கன்னு கூப்பிட்டாரே, அது யாரு புள்ள?” என்றாள்.

இன்று நான் உயிரியல் ஆசிரியை. அந்தக் கதவு நரம்பணுவின் பொட்டாசிய வாயில். நரம்பணுவுக்குள்ளிருந்து பொட்டாசியத்தை வெளியே விட்டு, துடித்த நரம்பை அடங்க வைப்பது. மாமாவுக்கு வந்ததுபோன்ற நோயில் தாக்கப்படுவது அந்த வாயில் அல்ல, அதனோடு சேர்ந்து நின்று அதை நெறிப்படுத்தும் ஒரு புரதம் என்று பின்னாளில் படித்தேன். கரும்பலகையில் அதை வரைந்து காட்ட முடிகிறது. ஆனால் அத்தைக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பணிவு புரதம் கெட்டதால் வந்தது என்பதா, இல்லை, இரைச்சலுக்கு அடியில் எப்போதும் கிடந்தது என்பதா?

மாமாவுக்கு அந்த மாதங்கள் நினைவிலேயே இல்லை. ஒருநாள் அத்தை இல்லாத நேரம் பார்த்து, “முடியாம கெடந்தப்ப அவள ரொம்ப ஏசினேனா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா. மரியாதையாத்தான் பேசுனீங்க.”



“அப்ப சாகத்தான் கெடந்திருக்கேன்” என்றார்.