ஆடும் பலகையும் சின்னத்தம்பியரின் தோணியும்

போன கிழமை, வாவிக்கரை ஹோட்டலொன்றில் எங்கள் பிசியோதெரபிக்காரர்களின் மாநாடு. ரப்பர் பலகை ஒன்றைக் கைமாற்றிக் காட்டினார்கள். ஏறி நின்றால் ஆடும். நிற்கப் பழகினால் பாரிசவாதம் வந்த கால் தேறுமாம். வெளிநாட்டுச் சரக்கு. முகர்ந்து பார்த்தேன். எனக்கென்னவோ சேறும் மீன் செதிலும்தான் மணத்தன. சிரிக்காதீர்கள், என் மூக்கு அப்படி.

மேடையில் எங்கள் பழைய மேலதிகாரி, சேர். ஆடும் தளம்தான் தன் ஆய்வின் சாரம் என்று, தானே பெற்ற பிள்ளையைப்போல அந்தப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்தான் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. அப்போது சின்னத்தம்பியர் என்றொரு வாவி மீனவர் வருவார். வாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோயிருந்தது. கம்பிகளைப் பிடித்து நடக்கப் பழக்கினேன். நடந்தார், முகம் மட்டும் மலரவில்லை.

"நடந்து நான் எங்க போற மனே? தோணில நிண்டு வலை எறியணும். அதுக்கு வழி சொல்லு."

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வாவி. அவர் மனைவி பொன்னம்மா தோணியைக் கொண்டுவந்து முழங்கால் தண்ணீரில் கட்டினார். வெள்ளைச் சப்பாத்தோடு வீரமாய் ஏறிய நான்தான் முதலில் சேற்றில் விழுந்தேன். சின்னத்தம்பியர் கோணிய வாயால் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பிறகு அவரை ஏற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். தோணி ஆட ஆட, நாளாக நாளாக, அந்தக் கால் விழித்துக்கொண்டது. ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டுத் தனியே நின்றார். வெறுங்கையை வீசி வலை எறிந்து காட்டினார். கரையில் பொன்னம்மா அழுதார்.

சன்னலால் சேர் பார்த்துவிட்டார்.

"இது ஆஸ்பத்திரியா, மீன்வாடியா? எந்தப் புத்தகத்தில இருக்கு ஐசே இது?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே அன்றோடு நிறுத்தினார். சேருக்குப் புத்தகத்தில் பக்தி, நோயாளி என்றால் அலர்ஜி. அந்த வருட பிசியோதெரபி தினத்துக்குப் பிரிவைப் பூட்டிவிட்டு ஊர்வலம் போனார். பதாகையில் 'நோயாளிக்கே முதலிடம்'. தூர வெல்லாவெளியிலிருந்து பஸ் மாறி வந்த நோயாளிகள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். கூட்டத்தில் சின்னத்தம்பியருக்குச் சக்கர நாற்காலி கொடுத்துப் படம் பிடித்தார்கள். நடக்கிற மனிதரை உட்காரவைத்துக் கைதட்டிய வெட்கங்கெட்ட கூட்டம் எங்கள் கூட்டம். அவர் வீட்டு மணலில் சக்கரம் உருளுமா? கோழிதான் அதில் முட்டையிட்டது.

தோணியில் ஏற்றி அவரைத் தாங்கிப் பிடிக்கப் பொன்னம்மா ஒருத்தியால் முடியவில்லை. தோணியை விற்றார்கள். வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தே போய்ச் சேர்ந்தார்.

மாநாட்டில் கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். "சேர், சின்னத்தம்பியரை ஞாபகமிருக்கா?"

"எந்தச் சின்னத்தம்பி? ஆய்வைப் பற்றிக் கேளும்."

வெளியே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாங்கள் தோணி கட்டிய கரை இப்போது இல்லை, மதில் எழுப்பிவிட்டார்கள். ஹோட்டல் வாசலில் அழகுக்கு ஒரு பழைய தோணி வைத்து, மண் நிரப்பிக் குரோட்டன் செடி நட்டிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தேன். அது ஆடவில்லை.