போய்ப் பார்க்க வேண்டாம் என்றார்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது தனலெட்சுமிக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் அவளுக்கு முன்மேசை வேலை. கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து பல வருடங்களாக ரயிலில்தான் போய் வந்தாள். ரயில் தாமதமாகும்; சில நாள் வராமலே போகும். கிளினிக் சாவி அவளிடம் இருக்கும். டாக்டரும் நோயாளிகளும் படிக்கட்டில் நிற்பார்கள்.

"நீ ஒரு காடி வாங்கிக்கோ. எத்தன நாளைக்குத்தான் திட்டு வாங்கிக்கிட்டு இருப்ப?" என்று கணவர் வேலாயுதம்தான் சொன்னார். துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். தெரிந்தவர் மூலம் ஒரு பழைய வெள்ளை மைவி கார் கிடைத்தது. ராஜன் என்ற ஏஜெண்ட் முழு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து அவளுக்குத் தோள் வலிக்கும். பிறகு அந்தப் பயணமே பிடித்துப்போயிற்று. பெடரல் ஹைவேயில் நெரிசலில் ஊர்ந்து போகும் அந்த நேரம் அவளுக்கே சொந்தமானது. யாரும் கூப்பிட மாட்டார்கள், யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். வீட்டில் மகள் விஷ்ணுப்ரியா கேலி செய்வாள்: "அம்மா வேலைக்குப் போறதே காடி ஓட்டத்தான்லா."

அது நவம்பர் மாதம். காலையில் கொட்டு மழை. பத்து தீகாவைத் தாண்டியபோது மோட்டார் சைக்கிள் பாதையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் மோட்டார்கள் எல்லாம் பெரிய சாலைக்கு ஏறிவிட்டிருந்தன. தனலெட்சுமிக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடியருகே மாட்டியிருந்த போன் ஒளிர்ந்தது. டாக்டர்தான். எங்கே இருக்கீங்க என்று கேட்டிருந்தார். அவள் ஒரு கையால் 'வரேன்' என்று தட்டினாள்.

நிமிர்ந்தபோது முன்னால் ஒரு சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. பிரேக்கை மிதித்தாளா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இடித்த சத்தத்தைவிட, அதற்குப் பிறகும் வைப்பர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம்தான் நினைவில் நிற்கிறது.

கீழே கிடந்தவனுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்கும். ஹெல்மெட் தலையில் இருந்தது, நினைவு இல்லை. இடது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு லோரிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் போக்குவரத்தை மறித்தார். மோட்டாரில் வந்த ஒரு மலாய்ப் பையன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினான். ஆம்புலன்சுக்கு முன்னாலேயே இரண்டு இழுவை லோரிகள் வந்து நின்று, யார் காடியை இழுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டன. தனலெட்சுமி குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் போன் செய்ததும் ராஜன் வந்துவிட்டார். போலீஸ் நிலையத்து வாசலில் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, உள்ள போயி மழைன்னு சொல்லுங்க. திடீர்னு லேனுக்குள்ள வந்துட்டான்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"நான் போனப் பார்த்தேன் ராஜன்."

"அது யாருக்கும் தெரியாதுலா. நீங்களா சொல்லி வம்புல மாட்டிக்காதீங்க."

அவள் ராஜன் சொன்னபடியே சொன்னாள். போலீஸ்காரர் மலாயில் தட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் அந்த ஆளை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டாள். ராஜன் முகம் மாறியது.

"போய்ப் பார்க்கவே வேணாம் அக்கா. சாரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் கம்பெனி கைய விரிச்சிடும். அந்த ஆளுக்கு என்ன கெடைக்கணுமோ கம்பெனி பார்த்துக்கும். அதுக்குத்தானே இன்சூரன்ஸ்?"

அந்தச் சாலையில் யார் முன்னால் போனார்கள், யார் குறுக்கே வந்தார்கள் என்று பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. போலீஸ் முடிவாக எதுவும் சொல்லவில்லை. மைவி பட்டறைக்குப் போய்ப் புது பம்பர், புது விளக்குகளோடு திரும்பி வந்தது. முன்பைவிட அழகாகவே இருந்தது. கிளைம் செய்ததால் அடுத்த வருட இன்சூரன்ஸ் தள்ளுபடி போய்விடும் என்று ராஜன் வருத்தப்பட்டார். தனக்கு நேர்ந்த நஷ்டம் அது ஒன்றுதான் என்று நினைத்தபோது தனலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம், எங்கே என்று தானே விசாரித்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், அரசாங்க மருத்துவமனைக்குப் போனாள். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனாள். அந்த எலும்புமுறிவு வார்டு நெடுகக் கால்களைத் தூக்கிக் கட்டியபடி ஆண்கள் படுத்திருந்தார்கள். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பையன்கள். எல்லாரும் மோட்டாரில் போனவர்கள். கார்க்காரர் என்று ஒருவரைக்கூட அவள் அங்கே பார்க்கவில்லை.

கடைசிக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். போர்வை இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் நிஜாம் எழுந்து நின்றான். "வாங்க ஆன்டி. யாரப் பார்க்கணும்?"

அவள் வாயில் வந்தது பொய்தான். "கோயில்லேருந்து வரோம். நோயாளிங்களப் பார்த்துட்டுப் போறது."

கட்டிலில் கிடந்தவன் சிரித்தான். "நாங்க முஸ்லிமுங்க அக்கா. பரவால்ல, உக்காருங்க. தமிழ்ல பேச ஆளு வந்தா போதும்."

அவன் பெயர் ஜமால் முகமது. தொண்டிக்காரன். கிள்ளானில் ஓர் உணவுக்கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுகிறவன். முதலாளியின் இன்னொரு கடை பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. அன்று அங்கே ஆள் வரவில்லையென்று அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் மனைவி பாத்திமா, ஒரு மகள் நஸ்ரின். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அது. எல்லாவற்றையும் அவனே சொன்னான். தனலெட்சுமி தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அக்கா என்ற ஒரு சொல் அவனுக்குப் போதுமாயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனாள். கோழி என்றால் ஹலாலா, எங்கே வாங்கியது என்ற கேள்வி வரும்; மீனுக்கு அது இல்லை. ஜமால் ரசித்துச் சாப்பிட்டான். "புளி கொஞ்சம் தூக்கல் அக்கா. எங்க ஊருல இப்படித்தான் வைப்பாங்க." அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனாள். வீட்டில் கேட்டால் கோயில் என்பாள்.

ஒரு நாள் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இடிச்சது ஒரு பொம்பளைன்னு சொல்றாங்க அக்கா. தமிழ்ப் பொம்பளதானாம். ஒரு தடவ வந்து பார்த்திருக்கலாம்ல? நான் என்ன காசா கேக்கப் போறேன்? எப்படிப்பா இருக்கன்னு ஒரு வார்த்த."

தனலெட்சுமி டிபன் கேரியரை அடுக்கினாள். அடுக்கியதைப் பிரித்துத் திரும்ப அடுக்கினாள். "பயந்திருப்பாங்க" என்றாள்.

"என்னத்துக்குப் பயம்? காலு போனது எனக்குல்ல?"

அன்று வீட்டுக்கு வந்து வேலாயுதத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார். "உனக்குப் புத்தி இருக்கா? இன்சூரன்ஸ்காரன் காதுக்குப் போனா நம்ம வீடே போயிடும். ஒழுங்கா நிறுத்திடு." அவள் நிறுத்தவில்லை. ஆனால் ஜமாலிடம் சொல்லவும் இல்லை. இரண்டில் எதையும் செய்ய முடியாமல் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜமால் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் முதலாளி கடைக்குப் பின்னால் அவனை உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொன்னார். வேலைப் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. வக்கீல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொடுத்தார். வழக்கு முடியும்வரை இருக்க அனுமதி வாங்கி வாங்கி நாள் ஓடியது. வழக்குத் தாள்களில் தனலெட்சுமியின் பெயர் இருந்தது. மலாயில் இருந்த அந்தத் தாள்களில் வக்கீல் காட்டிய இடத்தில் ஜமால் கையெழுத்துப் போட்டதோடு சரி.

வழக்குக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ராஜன் சொன்ன வாரம், எப்படியும் சொல்லிவிடுவது என்று தனலெட்சுமி அந்தக் கடைக்குப் போனாள். ஜமால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். வெங்காயக் கண்ணீர். ஈரக் கையோடு போனை எடுத்து நீட்டினான். நஸ்ரின் ஒரு பாட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள், முன்பற்கள் விழுந்திருந்தன. "கேஸு முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுவேன் அக்கா. நீங்க ஒரு தடவ எங்க வீட்டுக்கு வரணும். பாத்திமா உங்கள எப்பவும் கேப்பா." தனலெட்சுமி அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தாள். வரேன் என்றாள். சொல்லாமலே திரும்பினாள்.

நீதிமன்றத்து நடைபாதையில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல், சின்ன வயதுப் பெண், அவளுக்குப் பாடம் நடத்தினாள். "ஆன்டி, கேட்டதுக்கு மட்டும் பதில். மழை. அவர் சிக்னல் போடாம உள்ள வந்தார். அவருக்கு இந்த நாட்டு லைசென்ஸ் இல்ல, அத நாங்க பார்த்துக்கறோம். தப்புல பாதிய அவர் பக்கம் தள்ளிட்டா போதும்."

அப்போதுதான் படியேறி வந்தான் ஜமால். ஒரு பக்கம் ஊன்றுகோல், மறுபக்கம் நிஜாம். தனலெட்சுமியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நிஜாம், பாருடா! அக்கா வந்திருக்காங்க! கேஸுன்னு சொன்னதும் எனக்காக வந்துட்டாங்க பாரேன்."

கதவு திறந்தது. ஊழியர் ஒருவர் முழுப்பெயரை வாசித்து, முதல் பிரதிவாதி என்று சேர்த்துக் கூப்பிட்டார். தனலெட்சுமி எழுந்து நின்றாள். ஜமால் அவளைப் பார்த்தான். பிறகு அவள் பின்னால் வேறு யாராவது எழுகிறார்களா என்று பார்த்தான்.

சாட்சிக் கூண்டில் நின்றவளிடம் அந்த வக்கீல் முதல் கேள்வியைக் கேட்டாள். மோட்டார் சைக்கிள் திடீரென்று உங்கள் பாதைக்குள் வந்ததா?

தனலெட்சுமி மலாயில் சொன்னாள். "வந்ததா, முன்னாலேயே இருந்ததா, எனக்குத் தெரியாது. நான் சாலையைப் பார்க்கவில்லை. போனில் டாக்டருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். போலீஸில் நான் சொன்னது உண்மையில்லை."

வக்கீல் தாள்களைப் புரட்டினாள். நீதிபதி எழுதுவதை நிறுத்தி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தனலெட்சுமி இன்னொரு முறை சொன்னாள். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். "இத முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்று நடைபாதையில் வக்கீல் சீறினாள். கூட வந்திருந்த ராஜன் தனலெட்சுமி பக்கமே வரவில்லை.

ஜமால் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தனலெட்சுமி போய் அவன் முன்னால் நின்றாள். இத்தனை காலம் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"என்ன மன்னிச்சிடு தம்பி."

அவன் நிமிரவில்லை.

"கோர்ட்டுல சொன்னீங்கள்ல, அது போதும். அது எனக்கு நல்லதுதானாம், எங்க வக்கீல் சொன்னாரு." கொஞ்ச நேரம் ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் தேய்த்தான். "ஆனா என் கட்டில்கிட்ட உக்காந்துக்கிட்டு, பயந்திருப்பாங்கன்னு சொன்னீங்களே அக்கா. நான் சாப்பிடறதப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே. நான் பாத்திமாகிட்ட உங்களப் பத்தி என்னென்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா?"

அவள் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் விலகினான். "போங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சில வாரங்களில் கம்பெனி முழுப் பொறுப்பையும் ஏற்று வழக்கை வெளியிலேயே முடித்துக்கொண்டது. தனலெட்சுமிக்கு ஒரு கடிதம் வந்தது. பாலிசி விதிகளை மீறியிருக்கிறீர்கள், மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று இருந்தது. இதுவரை எடுக்கவில்லை, எடுக்க மாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. பொய் வாக்குமூலத்துக்காகப் போலீஸ் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தது. வேலாயுதம் வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் மைவி இல்லை. விற்றுவிட்டதாக விஷ்ணுப்ரியாதான் சொன்னாள். தனலெட்சுமி ஏன் என்று கேட்கவில்லை.

ஜமால் ஊருக்குப் போனது அவளுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து நிஜாம் பல்வலி என்று கிளினிக்குக்கு வந்தபோதுதான் சொன்னான். மதுரையில் செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்களாம். உரசிப் புண்ணாகிறது என்று ஜமால் அதை மாட்டுவதே இல்லையாம். வந்த பணத்தில் கடை வைக்கலாம் என்று மைத்துனர்கள் சொல்கிறார்களாம்; அவன் எதற்கும் பதில் சொல்லாமல் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறானாம்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?" என்றாள் தனலெட்சுமி.

நிஜாம் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். பொய் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் சொல்லவில்லை.

"இல்ல ஆன்டி. நானும் உங்க பேச்ச எடுக்கறதில்ல."

அவள் தலையாட்டினாள். அவன் பெயரைப் பதிந்து, உட்காரச் சொன்னாள். உள்ளேயிருந்து டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.