கஞ்சா வாக்கெடுப்பும் எங்கள் வீட்டு அரிசியும்

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், தகனினி என்ற புறநகரில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டில் பால் காய்ச்ச என் மனைவி நாள் பார்த்து வைத்திருந்தது ஒரு சனிக்கிழமைக் காலை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பின் முடிவு வருவதோ அதற்கு முதல் நாள் பின்னேரம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது யார் செய்த சதி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இத்தனை வருடம் வாடகை வீட்டு அடுப்புகளில் சமைத்தவளுக்கு, சொந்த அடுப்பில், சொந்தச் சனங்கள் சூழ, அந்தப் பால் பொங்கியாக வேண்டும். எனக்கோ வாக்கெடுப்பு என்றாலே அரிசிக் கடைக்கு ஓடத் தோன்றும். நான் வளர்ந்த நாட்டில் முடிவு அறிவித்தால் அடுத்தது ஊரடங்கு. ஆகவே முறைப்படி தயாரானேன். அரிசி, பருப்பு, மெழுகுதிரி எல்லாம் புது வீட்டுக் கராஜுக்குப் போயின. குளியல் தொட்டியையும் நிரப்பி வைத்தேன்.

பென்ரோஸில் நான் வேலை செய்யும் சரக்குக் கிட்டங்கியில் அந்த வாரம் எல்லோரும் பொருளாதார நிபுணர்கள். கணினிப் பக்கத்தைப் பார்க்கும் தமிழ்நாட்டுத் தம்பி, "ஆமாண்ணா, பாஸாச்சுன்னா வரி வருமானம் கொட்டும். மோட்டர்வேயையே அகலப்படுத்திடுவாங்க, பாருங்க" என்றான். பிறகு ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான் என்றார் மேற்பார்வையாளர், ஏதோ இப்போது வருகிற மாதிரி. கலவரம் என்ற சொல் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்றால் பெரிதாக ஏதோ வருகிறது!

வியாழக்கிழமை, மனைவிக்குச் சொல்லாமல், அழைத்திருந்த எல்லோருக்கும் போன் எடுத்தேன். முதலில், இங்கே எங்கள் சனத்துக்கெல்லாம் மூத்தவரான அண்ணைக்கு.

"அண்ணை, சனிக்கிழமை வராதேங்கோ. நாளைக்கு முடிவு வருது. றோட்டு நிலவரம் எப்பிடியோ தெரியாது."

ஒருவராவது சிரித்திருக்கலாம். "ஓம் தம்பி, நல்லகாலம் சொன்னீர். அரிசி வாங்கி வைச்சிட்டீரோ?" என்று கேட்டார் அண்ணை. மற்றவர்களும் அப்படித்தான்.

வெள்ளி பின்னேரம் நாங்கள் புது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. மயிரிழையில் 'வேண்டாம்'. திரைச்சீலையை விலக்கி மெதுவாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் ஒரு பெண் நாய்க்கு முடி வாரிக்கொண்டிருந்தாள். நாடு கொந்தளித்தது அவ்வளவுதான்.

மனைவி பெரிய பானையைத் துடைத்தபடி கேட்டாள். "நாளைக்கு எல்லாரும் எத்தினை மணிக்கப்பா வருவினம்?"

"ஒருத்தரும் வரமாட்டினம்" என்று சொல்லவேண்டியதாயிற்று. ஏனென்றும் சொன்னேன்.

பானையைக் கீழே வைத்தாள். "கஞ்சாவுக்குக் கலவரம் வருமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் பயமாக் கிடந்தது."

"போனை எடுங்கோ. சனம் வராட்டி நாளைக்கு அடுப்பில பாலில்லை, நீங்கள்தான்."

எடுத்தேன். நாடு அமைதியாக உள்ளது என்று அரசாங்க அறிவித்தல்போல வீடு வீடாகச் சொன்னேன். அண்ணைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"நீர் வடிவாப் பாத்தனீரோ?"

"பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டுறார் அண்ணை."

"அப்ப சரி."

காலையில் எல்லோரும் வந்தார்கள். நல்ல நேரத்தில் பால் பொங்கி வழிந்தது. மனைவி என்னைத் தவிர எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கார் டிக்கியைத் திறந்து அரிசி மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள்.

"புது வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமே?" என்றார் அண்ணை. முகத்தில் அப்படியொரு நிம்மதி. வியாழக்கிழமை வாங்கிக் குவித்ததில் அவர் வீட்டில் நடக்க இடமில்லையாம்.

கராஜ் நிரம்பி, மூட்டைகள் வாசல்வரை வந்தன. "இனி உண்மையாவே ஊரடங்கு வந்தால் தகனினிக்கே சோறு போடலாம்" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கடை ஏதும் திறக்கிறீர்களா என்று கேட்டார். கஞ்சாக் கடை இல்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று. மனைவி அவருக்கு ஒரு பெரிய கிண்ணத்தில் பொங்கல் கொடுத்தனுப்பினாள்.