வல்லூறு ஏந்திய பெர்த்கித்

இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரையில் பாலாடைக்கட்டி செய்து பிழைத்த பெகா, அரசரின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவள். அரசரின் தங்கை பெர்த்கித், தன் பங்கில் வந்த அடிமைகள் சிலரை ஒரு குளிர்காலக் காலையில் எங்கள் கண்முன்னே நாற்சந்திக்கு அழைத்துப்போய், எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போகலாம் என்று விடுவித்தாள். பெகா தெற்குப் பாதையில் கொஞ்சதூரம் நடந்தாள். பசுக்களின் நினைவு வரவே திரும்பிவிட்டாள்.

இளவரசி சீக்கிரமே இறந்துபோனாள். பக்கத்துக் கன்னிமாடத்தின் தலைவி பெயரும் பெர்த்கித். நல்லது எது நடந்தாலும் அதைப் புனிதமானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் ஊர் வழக்கம். சில வருடங்களில் பெகாவை விடுவித்தவர் அந்த மடத்துத் தாயார்தான் என்று எல்லோரும் நம்பினோம். பெகாவும் மறுக்கவில்லை. தாயார் பெயரைச் சொன்னால் சந்தையில் பாலாடைக்கட்டி சீக்கிரம் விற்றுப்போனது.

பிறகு டூடா என்ற புது மணியக்காரர் வந்தார்.

"அரசரோட ஆளை விடுவிக்க மடத்துக்கு என்ன உரிமை? நீயும் உன் மகளும் இன்னும் பண்ணைக்குத்தான் சொந்தம்," என்றார்.

"அது மடத்துத் தாயார் இல்லீங்க, இளவரசி," என்றாள் பெகா.

"ஊரே வேற சொல்லுதே."

ஊர் மன்றம் கூடியது. அது அவளுக்கே பாதகம் என்று புரியாமல், பெகாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, மடத்துத் தாயார்தான் விடுவித்தார் என்று சிலுவைமேல் சத்தியம் செய்ய வரிசையில் நின்றோம். பன்றி மேய்க்கும் இங்வால்ட் முதலில் கையை நீட்டினான். பெகா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது தாயாரே வந்துசேர்ந்தார்.

"கையை எடு, இங்வால்ட். நீ பார்த்ததை மட்டும் சொல்லு. எங்க நடந்தது?"

"நாற்சந்தியில, அம்மா. பனி கொட்டிட்டிருந்துச்சு. நீங்க குதிரைமேல இருந்தீங்க. உங்க கையில வல்லூறு."

"நான் வல்லூறு வளர்க்கிறேனா?"

பின்னாலிருந்து யாரோ, "கோழிக்கே பயப்படுவாங்க," என்றார்கள். மன்றம் சிரித்தது.

"மடத்து ஆட்களை நான் பலிபீடத்து முன்னாலதான் விடுவிப்பேன். அந்த நாற்சந்தியில நான் நின்னதே இல்லை," என்றார் தாயார்.

தனதல்லாத புகழை அவர் திருப்பிக் கொடுத்தார். அதைப் புனிதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படிச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வல்லூறு வளர்த்தவள் இளவரசி ஒருத்திதான். அன்று வல்லூறோடு வந்தவள் அவள்தான் என்று நாங்கள் சத்தியம் செய்தோம். டூடா தாடையைச் சொறிந்தார். "சரி, அவங்க பங்கு ஆளுன்னா போ," என்றார்.

பெகா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகள் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"இனிமே தாயார் பேரைச் சொல்லி எப்படி விப்பே?" என்று இங்வால்ட் சீண்டினான்.

"நீதான் சத்தியம் பண்ணத் தயாரா இருக்கியே, உன்னையே கூட்டிட்டுப் போறேன். விடுறா வழியை, பால் கறக்கணும்."

நாற்சந்தி வந்ததும் சற்று நின்றாள். எந்தப் பாதையையும் பார்க்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.