நடுப்பாறையில் கேட்ட பெயர்

புகைப்படத்தின் பின்புறம் மாமாவின் கையெழுத்தில் "கோமுகி ஆறு, ஆடி மாசம்" என்று மட்டும் இருக்கிறது. ஆண்டு இல்லை. படத்தில் எனக்கு முன்பற்கள் இல்லாததால் ஏழு வயது என்று கொள்கிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகாத காலம். என் பக்கத்தில் நிற்பது அத்தை, மாமாவின் மனைவி. கல்வராயன் மலையடிவாரத்தில் அந்த ஆற்றோரம் பிறந்தவர்.

படம் எடுத்த கையோடு மாமா ஆற்றின் நடுப்பாறைக்குக் குளிக்கக் கிளம்பினார்.

"ஆத்துல நிக்கறப்ப யார்னா பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பிடாதீங்க" என்றார் அத்தை. "அது தண்ணி கூப்புடறது. எங்க ஊர்ல முறை சொல்லித்தான் கூப்புடுவோம்."

"உன் வாயிலதான் என் பேரே வராதே. அப்புறம் எனக்கு இன்னா பயம்?"

சிரித்தபடி இறங்கினார் மாமா. உண்மைதான். அத்தைக்கு அவர் எப்போதும் 'இன்னாங்க'தான். ரேஷன் கடையில் கணவர் பெயர் கேட்டால்கூட என் தோளை இடித்துச் சொல்லச் சொல்வார்.

அத்தை கீழே தண்ணீரோரம் இறங்கியிருந்தார். நான் கரைமேட்டில் புங்கங்காய் பொறுக்கினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. திடீரென்று குருவிச் சத்தம் நின்றது. மலைப்பக்கமிருந்து ஈரமண் வாசனை வந்தது. அப்போது கீழே, தண்ணீர்ப் பக்கமிருந்து, ஒரு குரல் மாமாவின் பெயரைக் கூப்பிட்டது. மெலிந்து, கிழிந்து, நான் அறியாத குரல். மறுபடியும் கூப்பிட்டது.

எட்டிப் பார்த்தேன். மாமா முதுகைக் காட்டி, தோள் விறைக்க, அசையாமல் நின்றார். ஆறு செம்மண் நிறமாகி, சருகுகளைச் சுழற்றியபடி பாறைமேல் ஏறி அவர் முழங்காலைத் தொட்டது.

"மாமா! தண்ணி!"

உடனே திரும்பினார். பாதி நடந்தும் பாதி நீந்தியும் அவர் கரையேறியபோது நடுப்பாறை இல்லை.

"பாப்பா, மொதல்ல பேர் சொல்லிக் கூப்ட்டது நீயா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அத்தையை அவர் கேட்கவே இல்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஆறு தன்னைக் கூப்பிட்டதையும், தான் திரும்பாமல் அதை ஏய்த்ததையும் மாமா கடைசிவரை எல்லோரிடமும் சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் பயந்தேன். மறுநாள் அத்தைக்குத் தொண்டை கட்டிப்போய் மிளகுக் கஷாயம் குடித்ததை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

மாமாவின் காரியம் முடிந்த பிறகு, அன்று கூப்பிட்டது நீங்கதானா என்று அத்தையிடம் கேட்டேன்.

"நானா இருந்தா அவரு திரும்பியிருக்க மாட்டாரா?" என்று என்னையே கேட்டார் அத்தை.

குரல் யாருடையது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.